ஆறு வயதுப் பையனை பஸ்ஸிலிருந்து இறக்கிவிடலாமா?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் ஒரு சிறு நகரத்தை ஒட்டிய கிராமம் அவருடையது. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. நகரத்தில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. மகள் எட்டாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. ஊரில் பள்ளிக்கூடம் இல்லாததால் இருவரும் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசுப் பள்ளிக்கு டவுன் பஸ்ஸில் போய் வருகிறார்கள். காலை 7.50 பஸ்ஸை விட்டால் அடுத்தது 9.20-க்குத்தான்.

மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்ததிலிருந்து அம்மாவுக்கும் மகளுக்கும் பஸ் செலவு கிடையாது. பையனுக்கு மட்டும் அரை டிக்கெட். "எனக்கும் என் பொண்ணுக்கும் காசில்லை, இந்தக் குட்டிப் பையனுக்குக் காசா?" என்று கேட்கிறார். போன வருடம் அவனை நகரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாராம். அப்போதெல்லாம் "இன்னும் அஞ்சு முடியலை" என்று சொல்லியே சமாளித்திருக்கிறார். இதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். "கண்டக்டர் பக்கத்தில் வந்தாலே பையன் முழங்காலை மடக்கி உயரத்தைக் குறைத்துக்கொண்டு நிற்பான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகவே செய்தான்."

இந்த வருடம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம். அம்மாவுக்குக் காலை ஷிப்ட். பிள்ளைகள் இருவரும் தனியாக பஸ் ஏறியிருக்கிறார்கள். புது பஸ் பாஸ் இன்னும் பள்ளிக்கு வரவில்லை. கண்டக்டர் அந்த ரூட்டுக்குப் புதியவர். அக்காவுக்கு மகளிர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தம்பிக்கு டிக்கெட் கேட்டிருக்கிறார். "பாஸ் இன்னும் தரலைங்க அண்ணா, யூனிஃபார்ம் போட்டிருக்கான்" என்று அவள் சொல்ல, "யூனிஃபார்மெல்லாம் பாஸ் ஆயிடுமா?" என்று கேட்டு அடுத்த நிறுத்தத்தில் பையனை இறங்கச் சொல்லிவிட்டார். அக்காவும் கூடவே இறங்கினாள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து, முதல் பீரியட் முடிந்த பிறகு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பையன் பஸ் ஏற மறுக்கிறான். நிழற்குடைத் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிறான். இப்போது பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் போகிறான்.

குழந்தைகளுக்கு பஸ்ஸில் காசே வாங்கக் கூடாது என்றுதானே சட்டம்? அந்தக் கண்டக்டரை வேலையை விட்டு எடுக்க கேஸ் போடலாமா? இலவசமாகப் போனால் விபத்து நடந்தால் நஷ்டஈடு கிடைக்காது என்கிறார்களே, அது உண்மையா? வயதைக் குறைத்துச் சொன்னதால் என் மேல் கேஸ் வருமா? இவைதான் அவர் கேட்டிருக்கும் கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை நடந்தது தவறு. டிக்கெட் விவகாரம் எப்படி இருந்தாலும், பெரியவர் துணை இல்லாத ஆறு வயதுக் குழந்தையை வழியில் இறக்கிவிட்டுப் போக யாருக்கும் உரிமை இல்லை. கூட அக்கா இருந்தாள் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. அவளுக்கும் பதிமூன்று வயதுதான். தம்பியைத் தனியே விடாமல் தானும் இறங்கினாளே, அந்தப் பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

எது சட்டம், எது அறிவிப்பு

"எல்லாக் குழந்தைக்கும் இலவசம் என்று சட்டம் இருக்கிறது" என்று நம்பியிருக்கிறீர்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் மூன்று தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே பஸ்ஸில் ஓடுவதால் மக்களுக்கும் குழப்பம், சில நேரம் கண்டக்டருக்கும் குழப்பம்.

முதலாவது, வயதை வைத்து. முன்பு மூன்று வயது வரைதான் இலவசம், அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். 2022 மே மாதம் சட்டப்பேரவையில் போக்குவரத்துத் துறை அமைச்சர் வெளியிட்ட அறிவிப்பால் அந்த மூன்று ஐந்தாக உயர்ந்தது. அரசு பஸ்களில் ஐந்து வயது வரை டிக்கெட் வேண்டாம். அதைத் தாண்டினால் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். ரயிலிலும் ஐந்து வயதுக்குக் கீழே இலவசம் என்பதால் இந்த எண் பலருக்கும் மனதில் நிற்கிறது. உங்கள் மகனுக்கு ஆறு முடிந்து நான்கு மாதம். ஆகவே வயதை வைத்துப் பார்த்தால் அவனுக்கு அரை டிக்கெட் உண்டு.

இரண்டாவது, மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம். 2021 மே 8-ஆம் தேதி முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் நடக்கிறது. உங்களுக்கும் மகளுக்கும் கிடைப்பது இதுதான். "அக்காவுக்கு உண்டு, தம்பிக்கு இல்லையா, இது பாரபட்சம் இல்லையா?" என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. சட்டப்படி இது பாரபட்சம் ஆகாது. அரசியலமைப்பின் 15(3) பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அரசு தனி ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த வரியில் பெண்களுக்கு அடுத்த சொல்லே குழந்தைகள்தான் என்பதைக் கவனியுங்கள். நாளைக்கு அரசு பன்னிரண்டு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம் என்று சொன்னால் எந்தக் கோர்ட்டும் தடுக்காது. இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் உங்கள் மகனுக்கு முக்கியம். பள்ளி மாணவர்களுக்கான இலவச பஸ் பாஸ். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே போய்வர. இதற்கு வயது கணக்கில்லை, ஆணா பெண்ணா என்பதும் கணக்கில்லை. ஒவ்வொரு வருடமும் பள்ளி திறந்து பாஸ் அச்சாகி வரச் சில வாரங்கள் ஆகும் என்பது போக்குவரத்துத் துறைக்கே தெரியும். அதனால்தான் புது பாஸ் கைக்கு வரும்வரை சீருடை அணிந்திருக்கும் மாணவரை, அல்லது பழைய பாஸோ பள்ளி அடையாள அட்டையோ காட்டுபவரை, டிக்கெட் கேட்காமல் ஏற்றிச்செல்லும்படி பள்ளி திறக்கும் சமயத்தில் கண்டக்டர்களுக்கு அறிவுறுத்தல் போகிறது. உங்கள் மகள் சொன்ன பதில் சரியான பதில். யூனிஃபார்ம்தான் அந்த இரண்டு வாரத்துக்கு அவனுடைய பாஸ்.

அறிவிப்பும் சுற்றறிக்கையும் சட்டசபை இயற்றிய சட்டம் அல்ல; அரசு நினைத்தால் மாற்றலாம். ஆனால் மாற்றாத வரை அதை ஒரு பஸ்ஸில் கொடுத்து இன்னொரு பஸ்ஸில் மறுக்க முடியாது. பொதுமக்களுக்குச் சொன்ன சொல்லை அரசு நிறுவனம் எல்லோருக்கும் ஒரேமாதிரி காப்பாற்ற வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் ‘நியாயமான எதிர்பார்ப்பு’ என்ற பெயரில் பல தீர்ப்புகளில் ஏற்றிருக்கின்றன. ‘சலுகைதானே, கொடுத்தால் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் போ’ என்று யாராவது சொன்னால் நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

இதற்கு அடியில் உண்மையான சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயதுவரை உள்ள குழந்தை தொடக்கக் கல்வியை முடிக்க விடாமல் தடுக்கக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் அந்தக் குழந்தையிடம் வாங்கக் கூடாது என்கிறது. மூன்றாவது பிரிவு. அதன் கீழ் மத்திய அரசு 2010-இல் வகுத்த விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும், பள்ளி இல்லாத சிற்றூர்க் குழந்தைகளுக்கு இலவசப் போக்குவரத்து போன்ற ஏற்பாட்டை அரசு செய்துதர வேண்டும் என்கின்றன. உங்கள் மகன் ஆறு கிலோமீட்டர் போகிறான். பாஸ் என்பது அவனுக்குக் கருணையால் வந்தது அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். இதே காரணத்துக்காக, பள்ளி இல்லாத குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மூலம் போக்குவரத்து வசதியும் வழித்துணையும் தரப்படுவது உண்டு. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

அந்தக் கண்டக்டரை என்ன செய்வது

உங்கள் கோபம் புரிகிறது. என் பிள்ளைக்கு நடந்திருந்தால் நானும் முதலில் இதைத்தான் நினைத்திருப்பேன். ஆனால் வழக்குப் போட்டு ஒருவரை வேலையை விட்டு நீக்க உங்களால் முடியாது. அது அவருக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் இடையே உள்ள ஒழுங்கு நடவடிக்கை. நீங்கள் புகார் கொடுக்கலாம், சாட்சி சொல்லலாம், பதில் கேட்கலாம். என்ன தண்டனை என்பதைக் கழகம் முடிவுசெய்யும்.

அவர் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். வழியில் செக்கர் ஏறி, டிக்கெட் இல்லாத ஒரு பயணி அகப்பட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் கண்டக்டர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆம் பிரிவு டிக்கெட் எடுக்காத பயணிக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. காசு வாங்காமலோ டிக்கெட் கொடுக்காமலோ விட்ட கண்டக்டருக்கும் அதே பிரிவில் அதே அபராதம் உண்டு. துறைக்குள் மெமோ வேறு. ரூட்டுக்குப் புதியவர், அறிவுறுத்தல் சரியாகக் காதில் விழாதவர், பயந்துகொண்டு கடுமையாக நடந்திருக்கலாம். அதனால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. டிக்கெட் எடுக்க மறுக்கும் பெரியவரை இறங்கச் சொல்வதும், பதில் பேசத் தெரியாத குழந்தையை இறங்கச் சொல்வதும் ஒன்றல்ல. பள்ளியின் பெயரைக் குறித்துக்கொண்டு தலைமையாசிரியருக்குச் சொல்லியனுப்பியிருக்கலாம்.

ஆகவே புகார் கொடுங்கள். ஆனால் ‘இவரை நீக்குங்கள்’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அது ஒரு ஆளின் மேல் போகும் விசாரணையாக மாறி, அவர் மறுப்பார், உங்கள் மகளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், கடைசியில் ‘இனி இப்படி நடக்காது’ என்ற உத்தரவு யார் கையிலிருந்தும் வராது. நீங்கள் கேட்க வேண்டியது அந்த உத்தரவைத்தான்.

அதற்கு ஒரு முக்கியமான சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அன்று மகளுக்குக் கொடுத்த மகளிர் டிக்கெட் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துப் பாருங்கள். மெஷின் டிக்கெட் என்றால் தேதி, நேரம், ஏறிய இடம், இறங்கும் இடம் எல்லாம் அதில் இருக்கும். எந்த வண்டி, எந்தக் கண்டக்டர் என்பதை டிப்போவில் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த வகைத் தாளில் எழுத்து சில வாரங்களில் மங்கி வெள்ளையாகிவிடும். இன்றைக்கே போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த வண்டி எந்த டிப்போவைச் சேர்ந்தது என்று கேட்டு, அதன் கிளை மேலாளருக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். நடந்தது என்ன, எந்தத் தேதி, எந்த நிறுத்தம், எவ்வளவு தூரம் நடந்தார்கள், இதை மட்டும் எழுதுங்கள். சாபமும் வசையும் வேண்டாம். கடைசியில் இரண்டு கோரிக்கைகள் போதும்: பாஸ் வரும்வரை சீருடை மாணவர்களை ஏற்றிச்செல்ல இந்த டிப்போவின் எல்லாக் கண்டக்டர்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் தனியாக வரும் குழந்தையை வழியில் இறக்கிவிடக் கூடாது என்று சொல்ல வேண்டும். நகலை மண்டலப் பொது மேலாளருக்கு அனுப்புங்கள். பதிவுத் தபாலில் போடுங்கள், அல்லது நேரில் கொடுத்து உங்கள் நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பள்ளித் தலைமையாசிரியரும் தனியாக ஒரு கடிதம் கொடுத்தால் மனுவின் எடையே வேறு. மற்ற பிள்ளைகளுக்கும் இது நடந்திருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

பதில் வராவிட்டால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதிவுசெய்யலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, ‘பாஸ் வழங்கும் வரை மாணவர்களை அனுமதிப்பது குறித்த சுற்றறிக்கையின் நகலைத் தரவும்’ என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தத் தாள் கைக்கு வந்தால் அதன் ஜெராக்ஸ் ஒன்று எப்போதும் பிள்ளைகளின் பையில் இருக்கட்டும். மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதலாம். கல்வி உரிமைச் சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. இன்னொரு முறை எந்தக் குழந்தையாவது நடுவழியில் நின்றால், அந்த நேரத்திலேயே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்க உங்கள் மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கையில் போன் இல்லாவிட்டால் அருகிலிருக்கும் கடையில் கேட்கலாம்.

கோர்ட்? நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்லி யாரோ யோசனை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே முதல் கேள்வியே ‘காசு கொடுத்துப் பெற்ற சேவையா?’ என்பதுதான். முற்றிலும் இலவசமான சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே. சிலரிடம் காசு வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகத் தரும் மருத்துவமனைகளில் இலவச நோயாளியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லியிருக்கிறது. அதை வைத்து பஸ்ஸுக்கும் வாதாடலாம். ஆனால் உங்கள் நிலையில் அந்தச் சண்டை தேவையில்லை. அதைவிட எளிய வழி நிரந்தர மக்கள் நீதிமன்றம். பொதுப் பயன்பாட்டுச் சேவைகளைப் பற்றிய தகராறுகள் அதன் வரம்பு, சாலைப் போக்குவரத்து அந்தப் பட்டியலில் முதலாவதாகவே இருக்கிறது. கோர்ட் கட்டணம் இல்லை. முதலில் சமரசம்தான் பேசுவார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய்க் கேளுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. சம்பளச் சீட்டு கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

இலவசமாகப் போனால் நஷ்டஈடு இல்லையா?

இது முழுப் பொய். இந்தப் பேச்சை நம்பி, இலவசம் இருந்தும் காசு கொடுத்து டிக்கெட் கேட்கும் பெண்களை நானே பார்த்திருக்கிறேன். விபத்து இழப்பீடு டிக்கெட் விலையைப் பொறுத்தது கிடையாது. ஓட்டுநரின் கவனக்குறைவால் பயணிக்குக் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்கலாம், கழகம் பொறுப்பேற்க வேண்டும். முழு டிக்கெட், அரை டிக்கெட், மகளிர் டிக்கெட், பஸ் பாஸ், மடியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை எல்லோருக்கும் இது பொருந்தும். கட்டணமில்லா டிக்கெட்டை ‘சும்மா காகிதம்’ என்று வாங்காமல் விடாதீர்கள். அந்த வண்டியில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி.

வயதைக் குறைத்துச் சொன்னது

பையன் மேல் எந்த வழக்கும் வராது. ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்யும் எதுவும் குற்றம் ஆகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவிலும் அப்படித்தான். டிக்கெட் எடுக்காத பொறுப்பு கூட வந்த பெரியவருடையது. செக்கர் பிடித்திருந்தால் நீங்கள் அபராதம் கட்டியிருப்பீர்கள். போன வருடம் சொன்னதற்காக இனி யாரும் உங்களைத் தேடி வரப்போவதில்லை.

ஆனாலும் இதை நிறுத்துங்கள். உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு மிச்சமாகும் அந்தக் காசு ஒரு தையல் தொழிலாளி வீட்டில் என்னவாக மாறும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி, அவன் முழங்காலை மடக்கி நிற்பான் என்பதுதான். யாரும் சொல்லாமலே, தான் வளர்ந்தது வீட்டுக்குச் செலவு என்று ஆறு வயதில் அவன் புரிந்துகொண்டிருக்கிறான். காக்கிச் சட்டையைப் பார்த்தால் ஒளிய வேண்டும் என்றும் பழகியிருக்கிறான். அப்படிப் பழகிய பிள்ளையை ஒருநாள் நிஜமாகவே இறக்கிவிட்டபோது, தான் செய்த தப்புக்குக் கிடைத்த தண்டனை என்றே அவன் நினைத்திருப்பான். தூணைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் பஸ் மேல் உள்ள பயமா, பிடிபட்டுவிட்டோம் என்ற வெட்கமா என்று யோசித்துப் பாருங்கள். ‘அன்னைக்கு உன் மேல தப்பே இல்லை. உனக்குப் போக உரிமை இருக்கு. அந்த மாமாவுக்கு ரூல் தெரியலை’ என்று அவனிடம் நேராகச் சொல்லுங்கள். ‘அஞ்சு வயசுன்னு அம்மா சொன்னதுதான் தப்பு’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குழந்தை அதைத் தாங்கும். நிம்மதியாகக்கூட உணரும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசம் வேண்டுமா?

வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு வழக்கறிஞராக இதற்கு நான் சொல்லும் முதல் காரணம், நடைமுறை. ஐந்து வயது என்ற கோட்டை ஓடும் பஸ்ஸில் யார் எப்படி அளப்பது? பிறப்புச் சான்றிதழை யாரும் இடுப்பில் செருகிக்கொண்டு வருவதில்லை. கண்டக்டர் உயரத்தைப் பார்க்கிறார், பல்லைப் பார்க்கிறார், ‘பையன் நல்லா வளர்ந்திருக்கானே’ என்கிறார். வளர்த்தியான குழந்தை வைத்திருப்பவர் நேர்மையாகச் சொன்னாலும் பொய்யராகத் தெரிகிறார். ஒல்லியான பிள்ளை வைத்திருப்பவர் தப்பித்துவிடுகிறார். கோட்டைப் பன்னிரண்டுக்குத் தள்ளினாலும் அங்கேயும் இந்தத் தகராறு வரத்தான் செய்யும். ஆனால் அந்த வயதுப் பிள்ளையிடம் பள்ளி அடையாள அட்டை இருக்கும், பேசவும் தெரியும்.

அடுத்தது, பாஸ் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமை நூலகம், பாட்டி வீடு, அரசு மருத்துவமனை எதற்கும் அது செல்லாது. கையில் காசில்லாத வாரத்தில் அம்மா மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போய், பையனை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. லண்டனில் பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் அட்டை ஒன்றை வைத்து நகர பஸ்களில் இலவசமாகப் போகிறார்கள். ஸ்காட்லாந்தில் 2022 ஜனவரி கடைசியிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குக் கீழ் உள்ள எல்லோருக்கும் இலவசம். பணக்கார நாடுகள், உண்மைதான். ஆனால் மகளிர் பயணத்தை நடத்திக் காட்டிய மாநிலத்துக்கு இது எட்டாத காரியம் என்று நான் நம்பவில்லை.

எதிர்த்துச் சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. இலவசத்துக்கான தொகையை அரசு கழகத்துக்கு ஒழுங்காகக் கொடுக்காவிட்டால் கழகம் நஷ்டத்தில் ஓடும். முதலில் நிற்பது உங்கள் ஊர் மாதிரி ஊருக்கு வரும் 7.50 வண்டியாகத்தான் இருக்கும். காசு தராத கூட்டம் நிற்கிறது என்று நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்தும் ஓட்டுநர்களைப் பற்றி நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே வண்டியில் எல்லாப் பிள்ளைகளும் ஏறும்போது பையன்கள் படிக்கட்டில் தொங்குகிறார்கள். படியில் ஆளை ஏற்றிச்செல்லக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு சொல்வதைக் காகிதத்தில் மட்டுமே பார்க்கிறோம். ஆகவே உங்கள் ஊரில் நான் முதலில் கேட்பது எட்டு மணிக்கு இன்னொரு வண்டி. அடுத்துதான் பன்னிரண்டு வயது வரை இலவசம். கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் அந்தத் தீர்மானத்தைக் கொடுங்கள். 2022-இல் மூன்று வயது ஐந்தானதும் சட்டப்பேரவையில் சொன்ன ஓர் அறிவிப்பால்தான்.

இந்த வாரம்

பாஸ் வந்துவிட்டதா என்று பள்ளியில் கேளுங்கள். வராவிட்டால் தலைமையாசிரியரின் கையெழுத்தோடு ‘இன்னார் இந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறார், பாஸுக்கு விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று ஒரு சீட்டு வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையனின் கழுத்து அட்டையோடு வையுங்கள். மகளிடம் அவசரத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்துவையுங்கள். உரிமை இருக்கும்போது ஏன் காசு என்று கேட்பீர்கள். உரிமையை டிப்போவில் போய் நீங்கள் பேசிக்கொள்ளலாம். பதிமூன்று வயதுப் பிள்ளை ஓடும் பஸ்ஸில் பேச வேண்டாம். கண்டக்டர் வற்புறுத்தினால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, அதைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மனுவோடு இணைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு விடுமுறை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று மூவருமாக அதே பஸ்ஸில் ஏறுங்கள். அரை டிக்கெட்டுக்கான காசை அவன் கையிலேயே கொடுத்து, அவனையே கேட்கச் சொல்லுங்கள். காலை நன்றாக ஊன்றி, நிமிர்ந்து நின்று, ‘ஒரு ஆஃப் டிக்கெட்’ என்று. மனுவுக்குப் பதில் வந்ததும் அதன் நகலையும், அவன் மறுபடி பஸ் ஏறினானா என்பதையும் எனக்கு எழுதுங்கள்.